ஒரே வழிகாட்டி, இரண்டு உரிமங்கள்: மனைவியுடன் செல்லும் எல்க் வேட்டையில் முறை யாருக்கு?

மலைமுகடு (டென்வர்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்ற அக்டோபர் இறுதியில் நானும் என் மனைவியும் கொலராடோவின் ஃபிளாட் டாப்ஸ் வனப்பகுதியில் எல்க் என்னும் பெரிய மானை வேட்டையாட ஐந்து நாள் சென்று திரும்பினோம். துப்பாக்கியைப் பற்றியோ முகாமைப் பற்றியோ கேட்பதற்காக இந்த இழையைத் தொடங்கவில்லை. எங்கள் இருவருக்கும் இடையில் எழுந்த ஒரு சிக்கலைப் பற்றி, தம்பதியாக வேட்டைக்குச் சென்ற பிறர் என்ன நினைக்கிறார்கள் என்று அறிய விரும்புகிறேன். அதற்கு முன் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

இருவரிடமும் இருந்தது இரண்டாம் ரைஃபிள் பருவத்துக்கான ஆண் எல்க் உரிமம். குலுக்கல் இல்லாமல் நேரடியாக வாங்கக்கூடியது அது. முகாம் நடத்துபவர் இரண்டு வழிகளைச் சொன்னார்: ஆளுக்கொரு வழிகாட்டி, அல்லது இருவருக்கும் சேர்த்து ஒரே வழிகாட்டி. இரண்டாவது வழியில் செலவு கணிசமாகக் குறைவு. அதைவிட, சேர்ந்து போவதற்காகத்தானே போகிறோம், ஆளுக்கொரு மலையில் நிற்பதற்கு எதற்கு இத்தனை ஏற்பாடு என்று தோன்றியதால் இரண்டாவதையே தேர்ந்தோம். அந்த இடத்தில் மோட்டார் வண்டி செல்ல அனுமதி இல்லை. ஆகவே மீக்கர் ஊர்ப் பக்கத்திலிருந்து ஏறக்குறைய மூன்று மணி நேரம் குதிரையில் ஏறி, 10,000 அடி உயரத்தில் இருந்த முகாமை அடைந்தோம். குதிரையை விட்டு இறங்கியபோது என் முழங்கால்கள் என்னுடையவையாக இல்லை.

முதல் இரண்டு நாட்களும் காற்று எங்களைக் காட்டிக்கொடுத்தது. விடியற்காலையில் குளிர்ந்த காற்று சரிவில் கீழ்நோக்கி வழிகிறது, வெயில் ஏறியதும் அதே காற்று திரும்பி மேலே போகிறது. அந்தத் திருப்பம் நிகழும் அரை மணி நேரத்தில் நாம் எங்கே நின்றாலும் ஏதோ ஓர் எல்க்கின் மூக்குக்கு நம் வாடை போய்விடும். மரங்களுக்குள் கிளைகள் முறியும் ஓசையும் மறைந்து ஓடும் வெளிறிய பின்புறங்களும்தான் எங்களுக்குக் கிடைத்தன.

முறை வைப்பதைப் பற்றி முகாமில் முதல் இரவே பேசியிருந்தோம். ஒற்றைப்படை நாள் அவளுக்கு, இரட்டைப்படை நாள் எனக்கு. மூன்றாம் நாள் அவளுடைய முறை. சூரியன் எழுவதற்கு அரை மணி முன்பிருந்து சுடலாம் என்பது சட்டம். ஏறக்குறைய அந்த நேரத்திலேயே ஸ்புரூஸ் மரங்களின் விளிம்பில் ஓர் ஆண் எல்க் வந்து நின்றது. எங்களுக்கும் அதற்கும் சுமார் 180 கஜம். அவள் மண்டியிட்டு, ரைஃபிளைத் தாங்குகோலில் வைத்து, ஸ்கோப் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுடத்தக்கது என்று வழிகாட்டி மெல்லச் சொன்னார். அவள் சுடவில்லை. அங்கே சுடுவதற்குச் சட்டப்படி ஒரு பக்கக் கொம்பில் நான்கு கிளைகளாவது இருக்க வேண்டும், அல்லது நெற்றிக்கு மேலே முளைக்கும் முதல் கிளை ஐந்து அங்குலமாவது இருக்க வேண்டும். அவள் இருந்த இடத்திலிருந்து ஒரு மரக்கிளை கொம்பை மறைத்தது. பத்து விநாடிகள் கழிந்தபின் தலையை ஆட்டி வேண்டாம் என்றாள்.

அப்போது வழிகாட்டி என் பக்கம் திரும்பி, நீங்கள் சுடுகிறீர்களா என்று கண்ணால் கேட்டார். நான் அவளுக்கு இரண்டு எட்டு மேலே நின்றிருந்தேன். எனக்குக் கொம்பு முழுவதுமாகத் தெரிந்தது. ஒரு பக்கம் ஐந்து கிளைகளை எண்ணிவிட்டேன். ஆனால் அது அவளுடைய நாள். நானும் தலையை ஆட்டினேன். எல்க் நிதானமாக மரங்களுக்குள் நடந்து மறைந்தது.

நான் பெருந்தன்மையாக நடந்துகொண்டதாகவே அன்று மாலைவரை நினைத்துக்கொண்டிருந்தேன். கூடாரத்தில் விறகு அடுப்பின் முன் பூட்ஸைக் கழற்றியபடி அவள் கேட்டாள்: "நான் வேண்டாம் என்றது என் கண்ணுக்குத் தெரியாததால். உங்களுக்குத்தான் தெரிந்ததே, நீங்கள் ஏன் சுடவில்லை?" உன்னுடைய முறை என்பதால் என்றேன். "அப்படியானால் என் முடிவு உங்களுக்கும் ஒரு வேட்டையைக் கெடுத்துவிட்டது என்று ஆகிறது. அதை நான் ஐந்து நாளும் சுமக்க வேண்டுமா?" என்றாள். எனக்குப் பதில் இல்லை.

யாருக்கு முறை என்று பேசிய நாங்கள், முறையுள்ளவர் வேண்டாம் என்றால் அடுத்து என்ன என்பதைப் பேசவே இல்லை. நீங்கள் இதை எப்படி வைத்துக்கொள்கிறீர்கள்?

நீலமலை எழுதியது:

நல்ல பதிவு. அடிப்படைச் சந்தேகம் ஒன்று, பொறுத்துக்கொள்ளுங்கள். எல்க் என்பது பெரிய மூக்கும் தட்டையான கொம்பும் கொண்ட அந்த விலங்குதானே?

பனித்தடம் (வயோமிங்) எழுதியது:

இல்லை நண்பரே. நீங்கள் சொல்வது மூஸ். ஐரோப்பாவில் மூஸைத்தான் எல்க் என்று அழைக்கிறார்கள், குழப்பத்தின் வேர் அதுவே. வட அமெரிக்காவின் எல்க்குக்கு வாபிட்டி என்று மற்றொரு பெயர் உண்டு. வெள்ளைப் பின்புறம் என்று பொருள்படும் ஷானி மொழிச் சொல் அது. வளர்ந்த ஆண் ஏறக்குறைய 700 பவுண்டும் பெண் 500 பவுண்டும் இருக்கும். கொம்பு ஆண்டுதோறும் உதிர்ந்து புதிதாக முளைக்கிறது, கோடையில் நாளொன்றுக்கு ஓர் அங்குலம்வரைகூட வளரும்.

இனி மலைமுகடு ஐயாவின் கேள்விக்கு வருகிறேன். நானும் என் மனைவியும் பதினோரு ஆண்டுகளாகச் சேர்ந்து செல்கிறோம். நாள் கணக்கில் முறை வைப்பது காகிதத்தில் நியாயமாகத் தெரியும், ஆனால் மலை அந்தக் கணக்கை மதிப்பதில்லை. ஒருவருடைய நாளில் பனிமூட்டம் கவிந்துவிடும், மற்றவருடைய நாளில் மூன்று எல்க் வந்து நிற்கும். ஆகவே நாங்கள் நாளைப் பிரிப்பதில்லை. வாய்ப்பைப் பிரிக்கிறோம். முதல் நியாயமான வாய்ப்பு அவளுக்கு. அவள் சுட்டாலும் விட்டாலும் அந்த வாய்ப்பு முடிந்தது, அடுத்தது எனக்கு. நியாயமான வாய்ப்பு என்றால் விலங்கு நின்ற நிலையில், பக்கவாட்டில், இருவரும் பயிற்சி செய்த தொலைவுக்குள் இருப்பது என்று வீட்டிலேயே வரையறுத்து வைத்திருக்கிறோம்.

உங்கள் சிக்கலுக்கு எங்களிடம் இரண்டு சொற்கள் இருக்கின்றன. முறையுள்ளவர் வேண்டாம் என்று முடிவு செய்தால் "உங்களுக்கு" அல்லது "விடலாம்" என்று இரண்டில் ஒன்றை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தலையாட்டினால் போதாது. "உங்களுக்கு" என்றால் எனக்குத் தெரியவில்லை, உங்களுக்குத் தெரிந்தால் சுடுங்கள் என்று பொருள். "விடலாம்" என்றால் இந்த விலங்கை இன்று யாரும் சுட வேண்டாம் என்று பொருள், அதற்குக் காரணம் கேட்பது மாலையில்தான். இந்த இரண்டு சொற்களையும் வழிகாட்டிக்கும் முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். அவர்கள் தமிழில் உச்சரிப்பதைக் கேட்பதே ஒரு தனி இன்பம்.

மலைமுகடு எழுதியது:

மிக்க நன்றி. தலையாட்டல் ஒன்றுதான், அதற்குப் பொருள் இரண்டு என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அவள் சொன்னது "உங்களுக்கு", நான் எடுத்துக்கொண்டது "விடலாம்".

சமவெளி எழுதியது:

முறைச் சண்டையே வராமல் இருக்க வேறொரு வழியும் இருக்கிறது. ஒருவர் ஆண் எல்க் உரிமமும் மற்றவர் பெண் எல்க் உரிமமும் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த விலங்கு வந்து நிற்கிறதோ அதுவே முறையைத் தீர்மானிக்கும். கொலராடோவில் பெண் எல்க் உரிமங்கள் பெரும்பாலும் குலுக்கலில் கிடைப்பவை, விண்ணப்பம் ஏப்ரல் தொடக்கத்தில் முடிந்துவிடும், ஆகவே ஆறு மாதம் முன்பே யோசிக்க வேண்டும். பெண் எல்க் கறி மென்மையானது, கொம்பின் கிளைகளை எண்ணும் தொல்லையும் இல்லை.

தமிழில் ஆண் மானுக்குக் கலை என்றும் பெண் மானுக்குப் பிணை என்றும் அழகான சொற்கள் இருக்கின்றன. நாம் ஏன் "ஆண் எல்க்", "பெண் எல்க்" என்று எழுதிக்கொண்டிருக்கிறோம் என்று தெரியவில்லை.

பனித்தடம் எழுதியது:

கலை, பிணை இரண்டும் அருமை, இனி முகாமில் பயன்படுத்துகிறேன்.

குலுக்கலைப் பற்றிப் பேச்சு வந்ததால் தம்பதிகள் அறிய வேண்டிய ஒன்றைச் சொல்கிறேன். இருவரும் ஒரே குழுவாக விண்ணப்பித்தால் இருவருக்கும் கிடைக்கும், அல்லது இருவருக்கும் கிடைக்காது. ஆனால் ஆண்டுதோறும் சேர்த்து வைத்த, குலுக்கலில் முந்த உதவும் முன்னுரிமைப் புள்ளிகளை மாநிலங்கள் ஒரே மாதிரி கணக்கிடுவதில்லை. கொலராடோவில் குழுவில் யாருக்குப் புள்ளி குறைவோ அவருடைய புள்ளிதான் குழுவின் புள்ளி. வயோமிங்கில் குழுவின் சராசரி எடுக்கப்படுகிறது. கணவர் எட்டு ஆண்டுகள் புள்ளி சேர்த்திருக்க, மனைவி இந்த ஆண்டுதான் தொடங்குகிறார் என்றால், கொலராடோவில் குழுவாக விண்ணப்பிப்பது அந்த எட்டு ஆண்டுகளை மூட்டை கட்டி ஓரமாக வைப்பதற்குச் சமம். மனைவிக்கும் முதல் ஆண்டிலிருந்தே புள்ளி வாங்கி வையுங்கள், அவர் இப்போது வேட்டைக்கு வருவதாக இல்லை என்றாலும்.

வயோமிங்குக்கு வெளியிலிருந்து வருபவர்கள் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். கூட்டரசு பாதுகாத்த வனாந்தரப் பகுதிகளுக்குள் வெளிமாநிலத்தவர் பெரிய விலங்குகளை வேட்டையாட வேண்டுமானால், உரிமம் பெற்ற வழிகாட்டியோ, அதற்கென இலவச அனுமதி பெற்ற உள்ளூர்வாசி ஒருவரோ உடன் இருந்தாக வேண்டும்.

இருசுவடு (டல்லஸ்) எழுதியது:

இந்த இழையைப் படித்த பிறகு என் மனைவியும் ஆர்வம் காட்டுகிறார். ஆனால் நான் எச்-1பி விசாவிலும் அவர் எச்-4 விசாவிலும் இருக்கிறோம். நாங்கள் துப்பாக்கியைத் தொடலாமா? அலுவலகத்தில் ஒருவர் முடியவே முடியாது என்கிறார், மற்றொருவர் அதெல்லாம் யாரும் கேட்கமாட்டார்கள் என்கிறார்.

கருவேலம் எழுதியது:

இரண்டு பேர் சொன்னதும் தவறு, இரண்டாமவர் சொன்னது ஆபத்தான தவறு. குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. கையில் எடுத்துப் பார்ப்பதும்கூட வைத்திருப்பதாகவே கொள்ளப்படலாம். ஆனால் அதே சட்டத்தில் விலக்குகள் உண்டு, அவற்றில் ஒன்று ஏதேனும் ஓர் அமெரிக்க மாநிலம் வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமத்தை வைத்திருப்பது. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடையே இல்லை.

தம்பதிகள் சறுக்கும் இடம் எது தெரியுமா? கணவர் உரிமம் எடுத்திருப்பார், மனைவி "நான் சும்மா பயிற்சிக்கூடத்தில் இரண்டு முறை சுட்டுப் பார்க்கிறேன்" என்பார். அவருடைய பெயரில் உரிமம் இல்லாவிட்டால் அந்த இரண்டு முறையும் சட்டமீறல். ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் இருவரும் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்துச் சான்றிதழ் பெறுங்கள், கொலராடோவில் 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குப் பொதுவாக அது இல்லாமல் உரிமம் கிடையாது. பிறகு ஆளுக்கொரு உரிமம். அதன் பின்னரே துப்பாக்கி. குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் பேசிவிடுவது நல்லது. எல்க்குக்காகச் செலவிடப்போகும் தொகையில் அது ஒரு சிறு துளி.

வன்னிக்காடு (எட்மன்டன்) எழுதியது:

நான் முல்லைத்தீவுப் பக்கத்தைச் சேர்ந்தவன். எங்கள் ஊரில் மரை என்று சொல்லும் விலங்கைத்தான் தமிழ்நாட்டு நண்பர்கள் கடமான் என்கிறீர்கள். ஆங்கிலேயர் காலத்தில் இலங்கையில் அந்த மரையையும் எல்க் என்றே எழுதி வைத்தார்கள், ஆகவே நீலமலை நண்பரின் குழப்பத்துக்கு எங்கள் தீவும் ஒரு காரணம்.

இங்கே அல்பர்ட்டாவில் வசிப்பவர்களுக்கு வழிகாட்டி கட்டாயம் இல்லை. ஆனால் கனடாவில் வசிக்காத வெளிநாட்டவர் தனியாகச் சென்று பெரிய விலங்குகளை வேட்டையாட முடியாது. டென்வரிலிருந்து மலைமுகடு அண்ணா இங்கே வந்தால் வழிகாட்டியுடன்தான் போக வேண்டும்.

எனக்கு ஒரு கேள்வி. என் மனைவிக்குக் காட்டில் நடப்பது பிடிக்கும், குதிரை பிடிக்கும், கறி சமைப்பதும் பிடிக்கும், சுடுவதில் மட்டும் துளியும் விருப்பமில்லை. அவரை அழைத்துப் போனால் அவருக்கு அது தண்டனையாக இருக்குமோ?

சமவெளி எழுதியது:

சுடாமல் உடன் வருபவருக்கு முகாம்காரர்கள் தனிக் கட்டணம் வைத்திருப்பார்கள், அது வேட்டைக்காரர் கட்டணத்தைவிட நன்றாகவே குறைவாக இருக்கும். கட்டணத்தைவிட முக்கியமானது, அவர் காலையில் உங்களுடன் கிளம்புவாரா, முகாமிலேயே இருப்பாரா என்பதைப் பதிவு செய்யும்போதே கேட்டு எழுத்தில் வாங்குவது. நான் முன்பு சென்ற ஒரு முகாமில் உடன் வரலாம் என்று தொலைபேசியில் சொல்லிவிட்டு, அங்கே போனபின் மூன்று பேர் நடந்தால் ஓசை அதிகம் என்று என் மனைவியைக் கூடாரத்திலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். நான்கு நாட்கள் அவள் அடுப்புக்கு விறகு போட்டபடி பழைய வார இதழ்களைப் படித்துக்கொண்டிருந்தாள். அந்த முகாமின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. கையெழுத்திட்ட தாளில் அது இல்லை என்பது என் தவறும்தான்.

குளிர்மாலை எழுதியது:

மலைமுகடு எழுதியதில் குறிப்பிடப்படும் "மனைவி" நான்தான். இந்த இழையை இன்றுதான் காட்டினார். அவர் எழுதியது உண்மை, ஆனால் பாதி.

முதல் நாளிலிருந்தே வழிகாட்டி என்னிடம் சொல்ல வேண்டியவற்றையெல்லாம் என் கணவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். என் ரைஃபிளின் பின்னுதைப்பு எப்படி, எவ்வளவு தொலைவுவரை நான் சுடுவேன், எனக்குக் குளிர்கிறதா என்பன எல்லாம் அவர் வழியாகவே வந்தன. அந்த மனிதர் கெட்டவர் அல்லர். இரண்டாம் நாள் என் காலணிக்குள் பனி புகுந்தபோது தம்முடைய உலர்ந்த காலுறையைக் கழற்றிக் கொடுத்தவர். ஆனாலும் மூன்றாம் நாள் காலை அந்தக் கலை வந்து நின்றபோது அவர் சுடத்தக்கது என்று சொன்னது என் காதுக்கு எட்டவில்லை, அது என் தலைக்கு மேலாக என் கணவரை நோக்கிச் சொல்லப்பட்டது. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஸ்கோப்பின் வட்டத்துக்குள் ஒரு கழுத்தும், குறுக்கே ஒரு ஸ்புரூஸ் கிளையும், அந்தக் கிளைக்குப் பின்னால் கிளையா கொம்பா என்று பிரித்தறிய முடியாத ஏதோ ஒன்றும்தான். உரிமத்தில் இருப்பது என் பெயர். தவறான விலங்கைச் சுட்டால் அபராதம் எனக்கு. பிறர் கண்ணை நம்பி நான் விசையை இழுக்க மாட்டேன்.

அன்று இரவு கூடாரத்தில் என் கணவரிடம் பேசியதை அவர் எழுதிவிட்டார். மறுநாள் காலை காபிக் குவளையுடன் நான் வழிகாட்டியிடம் நேராகச் சென்று பேசியதை எழுதவில்லை. என் 7எம்எம்-08 ரைஃபிளில் 250 கஜம்வரை தாங்குகோலில் வைத்துச் சுட்டுப் பயிற்சி செய்திருக்கிறேன், அதற்கு மேல் கேட்காதீர்கள், எனக்குச் சொல்ல வேண்டியதை என்னிடம் சொல்லுங்கள் என்றேன். அவர் முகம் சிவந்து, தொப்பியைக் கழற்றி மீண்டும் போட்டுக்கொண்டார். அதன் பிறகு முகாமே மாறிவிட்டது.

நான்காம் நாள் மாலை. அது என் கணவருடைய நாள். ஆஸ்பென் மரங்கள் இலையுதிர்ந்து நின்ற ஒரு சரிவின் அடியில், சூரியன் மறைந்து கால் மணி கழிந்தபின், ஒரு கலை வெளியே வந்தது. மறைந்த பிறகும் அரை மணி நேரம்வரை சட்டப்படி சுடலாம். 210 கஜம் என்று தொலைவுமானி காட்டியது. என் கணவர் நின்ற இடத்தில் ஒரு விழுந்த மரம் குறுக்கே இருந்தது. அவர் என் பக்கம் குனிந்து "உனக்கு" என்று மட்டும் சொன்னார். இப்போது பனித்தடம் ஐயாவின் பதிவைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது, நாங்களும் அதே சொல்லுக்கு வந்து சேர்ந்திருக்கிறோம். வழிகாட்டி இந்த முறை என் காதருகில் குனிந்து, இடப்பக்கம் நான்கு, நீங்களே எண்ணிப் பாருங்கள் என்றார். எண்ணினேன். நான்கு.

முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், மார்பின் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் குறிவைத்தேன். சுட்டபின் அது பாய்ந்து மரங்களுக்குள் போய்விட்டது. அரை மணி நேரம் யாரும் அசையவில்லை, வழிகாட்டி அசையவிடவும் இல்லை. உடனே பின்தொடர்ந்தால் காயம்பட்ட விலங்கு எழுந்து மைல் கணக்கில் ஓடிவிடும் என்பது விதி. அந்த அரை மணி நேரத்தில் என் கை நடுங்கியது, அது குளிரால் என்று சொல்லிக்கொண்டேன். பிறகு தலைவிளக்குகளுடன் போனோம். நின்ற இடத்திலிருந்து எழுபது எட்டுக்குள் கிடந்தது.

இருசுவடு எழுதியது:

அம்மா, படிக்கும்போதே மூச்சு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு என்ன செய்தீர்கள்? அவ்வளவு பெரிய விலங்கை மூன்று பேர் எப்படிக் கொண்டுவர முடியும்?

குளிர்மாலை எழுதியது:

உரிமச் சீட்டில் கையெழுத்திட்டுத் தேதியைக் குறித்தது முதல் வேலை. பிறகு வயிற்றைத் திறக்காமலேயே பிரிக்கும் முறையில் செய்தார்கள். ஒரு பக்கமாகக் கிடத்தி, முதுகெலும்பின் வழியே தோலை அறுத்து விலக்கி, முன்தொடை, பின்தொடை, முதுகுச் சதை, கழுத்துக் கறி என்று எடுத்தபின், புரட்டிப்போட்டு மறுபக்கம். கடைசியில் விலாவுக்குக் கீழே கையை விட்டு உட்சதையை எடுப்பார்கள். தோலை விலக்கியதும் அந்தக் குளிரில் உடலிலிருந்து ஆவி எழுந்தது, விளக்கொளியில் அது புகைபோலத் தெரிந்தது. பின்தொடையைத் தூக்கிப் பிடிக்கும் வேலை எனக்கு. ஒரு தொடையே என்னைக் கீழே தள்ளப் பார்த்தது. ஆண் விலங்கு என்பதற்கான இயற்கைச் சான்று கறித்துண்டோடு ஒட்டியே இருக்க வேண்டும் என்பதையும் வழிகாட்டி என்னிடமே காட்டி விளக்கினார். துண்டுகளைத் துணிப்பைகளில் இட்டு ஸ்புரூஸ் மரத்தில் உயரமாகக் கட்டிவிட்டு நள்ளிரவில் முகாமுக்கு வந்தோம். மறுநாள் இரண்டு கோவேறு கழுதைகள் வந்து சுமந்தன.

கடைசியாக வழிகாட்டி கத்தி முனையால் மேல்தாடையிலிருந்து இரண்டு சிறு பற்களை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். எல்க்கின் கோரைப் பற்கள் அவை, தந்தம் என்றே அழைக்கிறார்கள். கலைக்கும் பிணைக்கும் உண்டு. புளியங்கொட்டையைவிடச் சற்றுப் பெரியவை, ஒரு பக்கம் தேன் நிறம் ஏறியவை. ஒன்றை என் கணவரிடம் கொடுத்தேன். அவருடைய உரிமம் அந்த ஆண்டு பயன்படாமலேயே போயிற்று, அதைப் பற்றி அவர் இங்கே ஒரு வரியும் எழுதவில்லை என்பதைக் கவனித்தீர்களா?

மலைமுகடு எழுதியது:

கவனித்துவிட்டார்கள். ஐந்தாம் நாள் காலை முழுவதும் கறி சுமப்பதில் கழிந்தது, மாலையில் ஒரு பிணைக்கூட்டத்தைத் தவிர எதுவும் வரவில்லை. எனக்கு வருத்தமே இல்லை என்று எழுதினால் அது பொய். மூன்றாம் நாள் காலை அந்த ஐந்து கிளைகள் இப்போதும் கண்ணை மூடினால் தெரிகின்றன.

அகல்விழி எழுதியது:

பெண்கள் கேட்கத் தயங்கும் சிலவற்றை இங்கே எழுதிவிடுகிறேன், ஏனெனில் எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. தம்பதிக்குத் தனிக் கூடாரம் உண்டா என்று கேளுங்கள், இல்லையென்றால் மற்ற நான்கு வேட்டைக்காரர்களின் குறட்டைக்கு நடுவே படுக்க நேரிடும். கழிப்பிடம் கூடாரமாக இருக்கிறதா, மரத்தடியா என்றும் கேளுங்கள். தோள்பட்டி வைத்த பனிக் கால்சட்டை கதகதப்பானதுதான், ஆனால் நான்கு அடுக்கு உடுத்து 10,000 அடி உயரத்தில் அதை முழுவதும் கழற்றாமல் ஒதுங்க முடியாது, பின்புறம் ஜிப் வைத்தவை பெண்களுக்கென்றே கிடைக்கின்றன. மாதவிடாய் நாட்கள் அந்த வாரத்தில் வரக்கூடுமானால், காற்றுப் புகாத பைகளை நிறைய எடுத்துச் செல்லுங்கள், எதையும் காட்டில் விடாமல் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

ரைஃபிள் பருவத்தில் இடுப்புக்கு மேல் 500 சதுர அங்குலம் ஒளிரும் ஆரஞ்சு நிறமும் தலையில் அதே நிறமும் அணிவது கொலராடோவில் கட்டாயம். ஆரஞ்சுக்குப் பதில் ஒளிரும் இளஞ்சிவப்பும் அணியலாம். அது பெண்களுக்காக என்று கடைக்காரர்கள் சொல்வார்கள், நம்பாதீர்கள், என் கணவர்தான் அதை அணிகிறார்.

வன்னிக்காடு எழுதியது:

குளிர்மாலை அக்காவின் பதிவை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். சுடுவதற்கு இல்லை, ஆனால் அந்த விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கத் தான் தயார் என்கிறார். அது போதும் எனக்கு.

இருசுவடு எழுதியது:

மொத்தச் செலவு எவ்வளவு ஆயிற்று என்று சொல்ல இயலுமா? அன்பளிப்பு எவ்வளவு கொடுப்பது வழக்கம்? கறியை உடனே சாப்பிடலாமா?

மலைமுகடு எழுதியது:

இருவருக்கு ஒரு வழிகாட்டி என்ற ஏற்பாட்டில் ஆளுக்கு 6,500 டாலர். பாதித் தொகையை முன்பணமாகக் கட்டினோம், அது திரும்ப வராது என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது. அன்பளிப்பு 10 முதல் 20 விழுக்காடுவரை கொடுப்பது வழக்கம். வழிகாட்டிக்குத் தனியாகவும், சமையல்காரருக்கும் குதிரை பார்ப்பவருக்கும் தனித்தனியாகவும் உறையில் வைத்துக் கொடுத்தோம். நாங்கள் கொலராடோவில் வசிப்பதால் உரிமத்துக்குச் சிறு தொகைதான். டல்லஸிலிருந்து வரும் உங்களுக்கு ஆளுக்கு ஏறக்குறைய 800 டாலர் ஆகும் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். முகாம் நடத்துபவர் மாநிலத்தில் பதிவு பெற்றவரா, அந்தத் தேசிய வனத்தில் தொழில் செய்ய வனத்துறை அனுமதி வைத்திருக்கிறாரா என்ற இரண்டையும் பணம் கட்டுவதற்கு முன் சரிபாருங்கள்.

கறியைப் பொறுத்தவரை நாங்கள் காத்திருந்தோம். மான் இனங்களின் மூளையைத் தாக்கும் நாட்பட்ட மெலிவு நோய் முதன்முதலில் அறியப்பட்டதே 1967-இல் இதே கொலராடோவில்தான். தலையைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு, முடிவு வரும்வரை கறியை உறையவைத்துக் காத்திருப்பது நல்லது. நோய் இருப்பதாக முடிவு வந்தால் உண்ண வேண்டாம் என்பதே மருத்துவத் துறையின் அறிவுரை. எங்களுக்கு இல்லை என்று வந்தது. அன்றிரவே முதுகுச் சதையில் மிளகுக் கறி. கொழுப்பு மிகக் குறைந்த கறி என்பதால் ஆட்டுக்கறியைப் போல வேகவிட்டால் காய்ந்துபோகும், தொடைக்கறியை மட்டும் குக்கரில் வையுங்கள்.

சமவெளி எழுதியது:

அடுத்த ஆண்டு என்ன ஏற்பாடு? கலையும் பிணையும் என்ற என் யோசனையை எடுத்துக்கொண்டீர்களா?

குளிர்மாலை எழுதியது:

எடுத்துக்கொண்டோம். பிணை உரிமத்துக்கு நான் விண்ணப்பிக்கிறேன், கலை உரிமம் அவருக்கு. ஆனால் வழிகாட்டி ஒருவரே போதும் என்பதில் மாற்றமில்லை, அதே மனிதரிடம்தான் கேட்டிருக்கிறோம்.

அதற்குள் வேறொரு சிக்கல். கசாப்புக்காரரிடமிருந்து எலும்பு நீக்கி வந்த கறி 170 பவுண்டுக்குச் சற்றுக் குறைவு. எங்கள் குளிர்பதனப் பெட்டியின் மேலறையில் ஏற்கனவே மீனும் தேங்காய்த் துருவலும் நிறைந்திருந்தன. ஐந்து நாளைக்கு அண்டை வீட்டார் மூவருடைய பெட்டிகளில் எங்கள் எல்க் குடியிருந்தது. எத்தனை கன அடிப் பெட்டி வாங்கினால் போதும் என்று யாராவது சொல்லுங்கள்.

பனித்தடம் எழுதியது:

ஒரு கன அடிக்கு 35 பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இருவரும் சுட்டுவிட்டால் பத்து கன அடி வேண்டும். மேலே திறக்கும் பெட்டியாக வாங்குங்கள், தேங்காய்த் துருவலை அடியில் வைக்காதீர்கள்.